சட்டையை அவரே போட்டுக்கொள்ளட்டும்

நான் சேலத்துக்குத் திரும்பியதிலிருந்து, தெரிந்தவர்கள் வீட்டுப் பெண்கள் பலரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். “அக்கா, நீங்கள் படித்ததை நானும் படித்தால் அமெரிக்காவுக்குப் போய்விடலாமா?” அவர்களிடம் சொல்வதையே இங்கேயும் முதலில் சொல்லிவிடுகிறேன். முடியாது. நான் படித்தது ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் படிப்பு. நோயாலோ விபத்தாலோ தளர்ந்தவர்கள் அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சை அது. அந்த வேலையைக் காட்டி இங்கிருந்து விசா வாங்க வழியில்லை. யாராவது வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

காரணத்தையும் சொல்கிறேன். அங்கே இது இரண்டாண்டு படிக்கிற அசோசியேட் பட்டம். அங்கே வேலை பார்க்கத் தரும் எச்-1பி விசாவுக்குக் குறைந்தது இளங்கலைப் பட்டம் தேவைப்படுகிற வேலையாக இருக்க வேண்டும். வெளிநாட்டு மருத்துவப் பணியாளர்களுக்கு அமெரிக்கா கேட்கும் தகுதிச் சான்றிதழின் பட்டியலில் செவிலியர், பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எல்லாரும் உண்டு, உதவியாளர் இல்லை. உதவியாளருக்கான தேசியத் தேர்வை எழுதவும், அங்கே ஏ.சி.ஓ.டி.இ. என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்து முடித்திருக்க வேண்டும். ஆகவே இது ஏற்கெனவே அங்கே குடியேறிவிட்டவர்களுக்கான பாதை. கணவர் அல்லது மனைவியின் வேலை காரணமாகப் போனவர்கள், நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர்கள், அங்கேயே வளர்ந்த பிள்ளைகள் ஆகியோருக்கு மிக நல்ல பாதை. என் அனுபவத்தை அவர்களுக்காக எழுதுகிறேன். சேலத்திலேயே இருந்துகொண்டு இந்த வேலையில் சேர நினைப்பவர்களுக்கு வேறு வழி உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் அம்மாபேட்டைப் பெண். சேலத்தில் பி.காம். முடித்து, திருமணமாகி, கணவரோடு, எச்-1பி விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் எச்-4 விசாவில் டெக்சாஸ் போனேன். எச்-4 விசாவில் படிக்கலாம், வேலை செய்யக் கூடாது. கணவரின் பச்சை அட்டை விண்ணப்பத்தில் ஐ-140 என்ற கட்டம் ஒப்புதலாகிவிட்டால் மனைவி வேலை அனுமதி கேட்கலாம் என்ற விதி 2015இல் வந்தது. படிப்பில் சேரும் முன் இந்தக் கணக்கைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து போட்டுவிட வேண்டும். படிப்பு முடிந்து, தேர்வும் எழுதி, உரிமமும் வாங்கிவிட்டு வேலை அனுமதி வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் பட்ட வேதனை கொஞ்சமல்ல.

இந்தப் படிப்பின் பக்கம் என்னைத் திருப்பியவர் என் அத்தை, கணவரின் அம்மா. எங்களைப் பார்க்க வந்த இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகு சிகிச்சைக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அம்மையார், அத்தையின் கையைத் தொடுவதற்கு முன்பே, “வீட்டில் இந்தக் கையால் என்னென்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். அத்தை தமிழில் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். துணி பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது, குக்கர் மூடியைத் திருப்புவது, தலை பின்னுவது. அடுத்த முறை போனபோது ஈரத் துண்டும் மாவு உருண்டையும் மேசையில் தயாராக இருந்தன. ஒருவர் வாழ்கிற வாழ்க்கையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதிலிருந்தே மருந்தை எடுக்கிறார்களே என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

இந்தத் துறைக்கு நூறாண்டு கடந்துவிட்டது. 1917இல் நியூயார்க் மாநிலத்தின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன், வில்லியம் ரஷ் டன்டன், எலினார் கிளார்க் ஸ்லேகிள் முதலானோர் கூடி இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். மனிதனுக்குப் பொருளுள்ள வேலை கொடுத்தால் உடம்பும் மனமும் தேறும் என்பது அவர்கள் கொள்கை. இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர், அமெரிக்காவில் பிறந்து இங்கே மருமகளாக வந்தவர். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் உலகக் கூட்டமைப்பு அமைந்தபோது அதைத் தோற்றுவித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இவ்வளவு பழைய துறை என்றாலும் சேலத்தில் இன்றும் “பிசியோதெரபிதானே?” என்று கேட்கிறார்கள். இரண்டும் தோளோடு தோள் நிற்பவை. பிசியோதெரபி தசையின் வலுவையும் மூட்டின் அசைவையும் நடையையும் முதன்மையாகப் பார்க்கும். ஆக்குபேஷனல் தெரபி, அந்தக் கையையும் காலையும் வைத்துக்கொண்டு அவர் குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, சமைக்கிறாரா, எழுதுகிறாரா என்று பார்க்கும்.

கல்லூரியில் இடம் கிடைப்பதற்கு முன் முடிக்க வேண்டிய பாடங்கள் இருந்தன. ஆய்வகத்தோடு சேர்ந்த உடற்கூறும் உடலியங்கியலும், உளவியல், குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையிலான வளர்ச்சி, ஆங்கிலக் கட்டுரை. பி.காம். படித்தவளுக்கு உடற்கூறு கடினம்தான். எலும்பு, தசைப் பெயர்களை நான் படம் வரைந்துதான் மனதில் ஏற்றினேன். ஊரில் வாங்கிய பட்டத்துக்கு ஈடு என்ன என்று ஒரு மதிப்பீட்டு நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் பட்டியல், பல்கலைக்கழகம் முத்திரையிட்டு அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் தேவை. பெரியார் பல்கலைக்கழகத்திலோ வேறு எங்கோ படித்தவர்கள் விமானம் ஏறும் முன்பே இவற்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு அப்பாவையும் தம்பியையும் அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவது பெரும் பாடு.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். மருத்துவமனையில் களப்பயிற்சிக்கு விடும் முன் ஹெபடைடிஸ் பி, அம்மை வகைகள் எல்லாவற்றுக்கும் சான்று கேட்பார்கள். காசநோய்ச் சோதனையும் உண்டு. நம்மில் பெரும்பாலோர் குழந்தையில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் அந்த பி.சி.ஜி.யின் காரணமாகவே தடித்துக்கொண்டு, காசநோய்த் தொற்று இருப்பதுபோல் காட்டலாம். உடனே மார்பு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று இழுக்கும். ரத்தத்தில் செய்யும் சோதனையை பி.சி.ஜி. பாதிப்பதில்லை. “நான் பி.சி.ஜி. போட்டுக்கொண்டவள், ரத்தச் சோதனை செய்யுங்கள்” என்று தொடக்கத்திலேயே கேட்டுவிட்டால் கவலை மிச்சம். என்னோடு படித்த ஒரு கேரளப் பெண் இதைச் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வகுப்பு தொடங்கிய பிறகு நான் மிகவும் விரும்பிய பாடம், ஒரு வேலையைப் பகுத்துப் பார்ப்பது. எந்த வேலையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதன் படிகள் என்ன, எந்த மூட்டு எவ்வளவு அசைய வேண்டும், எந்த விரலுக்கு எவ்வளவு வலு வேண்டும், கண் என்ன செய்கிறது, நினைவு என்ன செய்கிறது, எந்த இடத்தில் ஆபத்து என்று தாளில் எழுத வேண்டும். மற்றவர்கள் காபி போடுவது, பல் துலக்குவது என்று எடுத்துக்கொண்டார்கள். நான் பூ தொடுப்பதை எடுத்துக்கொண்டேன். சின்ன வயதில் வ.உ.சி. பூ மார்க்கெட்டிலிருந்து அம்மா வாங்கிவரும் குண்டுமல்லியை வாசலில் உட்கார்ந்து தொடுத்த கை இது. ஆனால் தாளில் எழுதத் தொடங்கியபோதுதான் அந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்று புரிந்தது. இடது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு காம்புகளை நசுங்காமல் பிடிக்க வேண்டும். வலது கை எதிர்த்திசையில் இரண்டு பூவை வைத்து, நாரைச் சுற்றி, விரலிடுக்கில் ஒரு வளையம் போட்டு, காம்பு அறுந்துவிடாத அளவுக்கு இழுக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் பூ உதிரும், கூடினால் காம்பு துண்டாகும். அந்த அளவைச் சொல்வது கண் அல்ல, விரல் நுனியின் தொடுவுணர்வு. இரண்டு கையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்கின்றன. முதுகு நிமிர்ந்து அரைமணி நேரம் உட்கார வேண்டும். ஆசிரியை என்னை நூலும் காகிதப் பூவும் வைத்து வகுப்பின் முன் செய்து காட்டச் சொன்னார். பிறகு, “விரல் நுனி மரத்துப்போன ஒருவருக்கு இதை எப்படி எளிதாக்குவாய்? கொஞ்சம் தேறிய பிறகு எப்படிக் கடினமாக்குவாய்?” என்று கேட்டார். பெரிய பூ, தடித்த நூல், மேசையில் ஒட்டும் பாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இந்தத் தொழிலின் பாதி அந்தக் கேள்வியில் இருக்கிறது. அமெரிக்க வாழ்க்கை தெரியாதே என்று தயங்கும் பெண்களுக்கு இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு வேலையை உன்னிப்பாகக் கவனித்திருந்தால் அதுவே பெரிய முதல்.

அதோடு, அவர்கள் வீட்டையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். குளியல் தொட்டிக்குள் இறங்க உதவும் நீள பெஞ்சு, குனியாமல் சாக்ஸ் மாட்டும் கருவி, கீழே விழுந்ததை எடுக்கும் நீளக் கைப்பிடி இவையெல்லாம் நான் அதற்கு முன் பார்த்ததேயில்லை. தேர்வில் இவற்றைப் பற்றி நிறையக் கேட்பார்கள். பழைய பொருள் கடைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் போய் இவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கடைசிக் கட்டம் களப்பயிற்சி. உதவியாளருக்குக் குறைந்தது 16 வாரம் முழுநேரம், தெரபிஸ்ட் படிப்பவர்களுக்கு 24 வாரம். சம்பளம் கிடையாது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இந்த வாரங்களுக்காக முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால் படிப்பு இந்த இடத்தில்தான் நிற்கும். ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ வருவதாக இருந்தால், பிரசவத்துக்கு வரவழைப்பதைப் போலவே இதற்கும் வரவழையுங்கள். கார் ஓட்டவும் தெரிந்திருக்க வேண்டும். எந்த ஊர் மருத்துவமனையில் போடுவார்கள் என்பது நம் கையில் இல்லை.

களப்பயிற்சியில் எல்லாருக்கும் கடினமாக இருப்பது குறிப்பு எழுதுவது. நோயாளி சொன்னது, நாம் கண்டது, அதன் பொருள், அடுத்து செய்யப்போவது என்று நான்கு பகுதி. “நன்றாகச் செய்தார்” என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதற்கு அளவு இருக்கிறது. வேலையில் முக்கால் பங்குக்குமேல் அவரே செய்தால் குறைந்த உதவி, பாதிக்குமேல் செய்தால் நடுத்தர உதவி, கால் பங்குக்குமேல் என்றால் பெருமளவு உதவி, அதற்கும் கீழே என்றால் முழு உதவி. இந்த ஒரு வரியை வைத்துத்தான் காப்பீட்டுக்காரர் பணம் தருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். ஆகவே கண்ணும் பேனாவும் நேர்மையாக இருக்க வேண்டும்.

பிறகு, சான்றிதழ் தரும் அமைப்பான என்.பி.சி.ஓ.டி. நடத்தும் தேசியத் தேர்வு. நான்கு மணி நேரம், கணினியில், பிரோமெட்ரிக் என்ற நிறுவனத்தின் தேர்வு மையத்தில். மதிப்பெண் 300 முதல் 600 வரை, தேறுவதற்கு 450. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, ஆறில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளும் உண்டு. மனப்பாடம் செய்து பழகிய நமக்கு இந்தத் தேர்வு வேறு மாதிரி இருக்கும். எல்லா விடையும் சரியாகவே தோன்றும். “உதவியாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?” என்பதில் அந்த “முதலில்” என்ற சொல்தான் கேள்வி. உடை உடுத்தும் பயிற்சியின் நடுவில் நோயாளிக்குத் திடீரென்று தலை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியை மாற்றுவது, குறிப்பு எழுதுவது, தெரபிஸ்ட்டிடம் சொல்வது, உடனே உட்காரவைத்து நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பது என்று நான்கு விடை இருக்கும். நான்கும் செய்ய வேண்டியவைதான். பாதுகாப்பு முதலில். படிக்கும்போது ஒவ்வொரு விடைக்கும் “இது ஏன் இப்போது இல்லை?” என்று ஒரு வரி எழுதிப் பழகுங்கள். எனக்குப் பயன்பட்ட வழி இதுதான்.

தேர்வில் தேறினால், சான்றிதழ் பெற்ற உதவியாளர் என்பதைக் குறிக்கும் சி.ஓ.டி.ஏ. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் நோயாளியைத் தொட மாநில உரிமம் வேண்டும். டெக்சாஸில் கைரேகை கொடுக்க வேண்டும், மாநிலத்தின் சட்டவிதிகளைப் பற்றித் தனித் தேர்வு எழுத வேண்டும். வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் அந்த மாநிலத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும். தேசியச் சான்றிதழை மூன்றாண்டுக்கு ஒருமுறை 36 அலகு தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நான் இப்போது சேலத்திலிருந்தபடியே இணைய வகுப்புகளில் அதைச் சேர்த்து வருகிறேன். உரிமத்தை ஒருமுறை காலாவதியாக விட்டுவிட்டால் மீட்பது கடினம், ஊருக்குத் திரும்புகிறவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.

இனி உதவியாளர் எதுவரை செய்யலாம் என்ற எல்லைக்கு வருகிறேன். அதைத்தான் பெரிதாகச் சொல்ல நினைத்தேன். நோயாளியை மதிப்பீடு செய்வதும் சிகிச்சைத் திட்டம் வகுப்பதும் தெரபிஸ்ட்டின் பொறுப்பு. உதவியாளர் அந்தத் திட்டத்தின்படி சிகிச்சை கொடுக்கிறார், கண்டதைத் தெரிவிக்கிறார், மாற்றம் தேவை என்று தோன்றினால் சொல்கிறார், தானாக மாற்றுவதில்லை. உறவினர்கள் சிலர் “இவ்வளவு படித்து உதவியாளர்தானா?” என்று கேட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. தெரபிஸ்ட் ஒருமுறை மதிப்பிட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுவார். வாரம் முழுவதும் அந்த மனிதரோடு குளியலறை வாசலிலும் படுக்கை ஓரத்திலும் நிற்பவர் உதவியாளர். நேற்று வராத பொத்தான் இன்று மாட்டியதை முதலில் பார்ப்பவர் அவர்தான்.

வேலை நிலவரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரப்படி 2023இல் இந்த வேலையின் நடுநிலை ஆண்டு வருமானம் 67,000 டாலர் அளவில் இருந்தது. இரண்டாண்டுப் படிப்புக்கு அது நல்ல வருமானம். ஆனால் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் கொடுக்கும் முறை 2019 அக்டோபரில் மாறியபோது பல இடங்களில் உதவியாளர்களின் நேரத்தைக் குறைத்தார்கள். 2022 முதல், மெடிகேர் பி பிரிவில் உதவியாளர் கொடுக்கும் சிகிச்சைக்கு வழக்கமான தொகையில் 85 சதவீதம்தான் தருகிறார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நிமிடக் கணக்கு பார்த்தே உயிரை எடுத்தார்கள். எழுதும் நேரம், அடுத்த அறைக்கு நடக்கும் நேரம் எதுவும் கணக்கில் வராது. வேலைக்குச் சேரும் முன் “எத்தனை சதவீத நேரம் நோயாளியோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?” என்று நேராகக் கேளுங்கள். பதில் 90 என்றால் யோசியுங்கள். அந்த அவசரத்தில் முதலில் அடிபடுவது பொறுமை. பொறுமை இல்லாவிட்டால் இந்த வேலையே இல்லை.

அங்கே நான் பார்த்த நோயாளிகளைப் பற்றி எழுத மாட்டேன். நோயாளியின் தகவலை வெளியிடக் கூடாது என்று 1996இல் வந்த ஹிப்பா சட்டம் ஒருபுறம் இருக்க, அவர்கள் என்னை நம்பித் தங்கள் உடம்பைக் காட்டியவர்கள். பதிலாக, அனுமதி கேட்டுக்கொண்டு என் சித்தப்பாவைப் பற்றி எழுதுகிறேன்.

சித்தப்பா அம்மாபேட்டையில் குழித்தறியில் வெண்பட்டு நெய்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்துவிட்டது. டெக்சாஸ் உரிமத்துக்கு இங்கே மதிப்பில்லை, நான் இங்கே சிகிச்சையாளர் அல்ல. மருத்துவமனையில் அவரைப் பார்க்கிற தெரபிஸ்ட் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார், அதை வீட்டில் நடத்திவைக்கும் மகளாகத்தான் நின்றேன். திட்டத்தின் முதல் வரி, சட்டையை அவரே போட்டுக்கொள்ள வேண்டும் என்பது.

சித்திக்கு அது பொறுக்கவில்லை. “நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்து எங்களுக்கெல்லாம் சோறு போட்டவர். அவருக்கு ஒரு சட்டை போட்டுவிட எனக்குக் கையில்லையா கண்ணு?” என்றார். அந்தக் கேள்வியில் இருந்த அன்பை நான் தலைவணங்கி ஏற்கிறேன். நம் வீடுகளில் நோயாளிக்கு ஊட்டிவிட்டு, உடுத்திவிட்டு, முகம் துடைத்துவிட்டால்தான் கவனித்துக்கொண்டதாக அர்த்தம். ஆனால் பாதிக்கப்பட்ட மூளை, திரும்பத் திரும்பச் செய்கிற வேலையிலிருந்துதான் புது வழி கண்டுபிடிக்கிறது. நாம் போட்டுவிடும் ஒவ்வொரு சட்டையும் அவருக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்கிறது.

கைப்பிடி வைத்த நாற்காலியில் இரண்டு பாதமும் தரையில் பதிய உட்காரவைத்தோம். பொத்தான்களைக் கழற்றி, சட்டையின் உட்புறம் மேலே தெரிய மடியில் விரித்தோம். தளர்ந்த கைக்குத்தான் முதலில் சட்டை. இடது கையால் வலது கையைத் தூக்கி, சட்டைக் கையின் வாய்க்குள் விட வேண்டும். விரல்கள் மடிந்துகொண்டு துணியில் சிக்கின. சித்தி ஓர் அடி எடுத்து வைத்தார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா நிறுத்தி, மூச்சு விட்டு, விரல்களை இடது கையால் நீவிவிட்டு மறுபடி நுழைத்தார். மணிக்கட்டு வெளியே வந்தது. துணியை முழங்கைக்கு மேலே, தோள் வரை இழுத்துவிட்டார். பிறகு கழுத்துக்குப் பின்னால் சட்டையை வீசிப் பிடித்து, நல்ல கையை நுழைத்தார். பொத்தானைக் கீழேயிருந்து மேலே போட்டுவந்தால் ஏற்றத்தாழ்வு வராது. கழற்றும்போது தலைகீழ் வரிசை, நல்ல கை முதலில், தளர்ந்த கை கடைசியில். உள்ளே காபி ஆறிவிட்டது, யாரும் எழுந்து போகவில்லை.

அடுத்த நாள் முதல் சித்திக்கும் ஒரு வேலை கொடுத்தேன். சும்மா நிற்கச் சொன்னால் யாராலும் நிற்க முடியாது. அவர் ஒரு பக்கமாகச் சரிகிறாரா, தளர்ந்த தோள் தொங்குகிறதா, பாதம் தரையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு சித்தியுடையது. அதன்பின் வீட்டில் சண்டையில்லை. இன்னொன்றையும் வீட்டிலிருந்த எல்லாருக்கும் சொன்னேன், நீங்களும் கவனியுங்கள். பக்கவாதம் வந்தவரைத் தூக்கி உட்காரவைக்க அந்தத் தளர்ந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, அக்குளில் கைகொடுத்தும் தூக்கக் கூடாது. தாங்கிப் பிடிக்கத் தசையில்லாத தோள் மூட்டு நழுவி, தீராத வலியாகிவிடும். வேட்டிக்கு, இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்தது கடைவீதியில் கிடைக்கிறது. ஒரு கையால் கட்ட அதைப் போல வசதியானது வேறில்லை.

தறிக்குத் திரும்ப முடியுமா என்று அவர் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை, அது தெரபிஸ்ட் சொல்ல வேண்டிய பதில். நான் செய்தது, தறி வேலையைப் பகுத்து எழுதிக் கொடுத்தது. மிதி மிதிக்கும் கால், குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவை ஓட்டக் கயிற்றை இழுக்கும் கை, அச்சுப் பலகையை அடிக்கும் கை, அறுந்த இழையைச் சாம்பல் தொட்டு விரலால் முறுக்கிப் பிணைப்பது, நாடாவுக்குள் போகும் நூலை ராட்டையில் தாராகச் சுற்றுவது. தெரபிஸ்ட் படித்துப் பார்த்துவிட்டுத் தாரைத் தேர்ந்தெடுத்தார். சக்கரத்தைச் சுற்ற வலது கையின் பெரிய அசைவு போதும், விரல் நுணுக்கம் வேண்டியதில்லை. தரையில் உட்கார்ந்து எழுவது ஆபத்து என்பதால் ராட்டையைத் திண்ணை உயரத்துக்கு ஏற்றினோம். கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினோம், பிடி நழுவவில்லை. இப்போது மகனின் தறிக்குத் தார் அவர்தான் சுற்றுகிறார்.

இதை எழுதும்போது ஏற்காட்டுப் பக்கத்து வீடுகளும் நினைவுக்கு வருகின்றன. காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கிறவர்கள் விழுந்து கை கால் முறிவது உண்டு. சரிவான பாதை, படிக்கட்டு, விறகு, தூரத்துக் குழாய். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வந்து சிகிச்சை பெறுவது எல்லாராலும் ஆகாது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிவு செய்யுங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்களாக இருந்தால், வீட்டில் தரையில் உட்காரும் வழக்கத்தையும் கால் மடக்கும் கழிப்பறையையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மூட்டின் பின்பக்கமாக அறுவை செய்திருந்தால் இடுப்பை 90 பாகைக்குமேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது என்பார்கள். சக்கரமில்லாத கழிவறை நாற்காலி ஒன்று வாங்கி வைக்காமல் வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.

கடைசியாக, சேலத்திலேயே இருந்துகொண்டு இந்த வேலைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளுக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் நேராகவே ஆக்குபேஷனல் தெரபி இளங்கலையான பி.ஓ.டி. பட்டத்துக்குப் போகலாம். உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து நான்கரை ஆண்டுப் படிப்பாக இருந்து வந்தது, இப்போதைய காலஅளவைச் சேரும் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, கோவை கே.எம்.சி.எச்., காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். ஆகிய இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக 2021இல் வந்த தேசிய ஆணையச் சட்டம் இந்தத் தொழிலுக்கும் பதிவேடு வகுக்கிறது. சேரும் கல்லூரியின் அங்கீகாரத்தைத் தவறாமல் சரிபாருங்கள். இந்தப் பட்டம் பெற்றவர்கள் பின்னாளில் அமெரிக்காவில் தெரபிஸ்ட் தேர்வுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. படிப்பு அங்குள்ள முதுகலை நிலைக்கு ஈடானதா என்று ஆராய்ந்த பிறகே அனுமதிப்பார்கள்.

விண்ணப்பிக்கும் முன், ஆக்குபேஷனல் தெரபி பிரிவு இருக்கிற ஒரு மருத்துவமனையில் அனுமதி கேட்டு ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து பாருங்கள். நோயாளியின் சம்மதமும் வேண்டும், கைபேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். குழந்தைகள் பகுதி, முதியோர் பகுதி இரண்டையும் கேளுங்கள், இரண்டும் வேறு வேறு உலகம். அங்கே இருக்கும் தெரபிஸ்ட்டிடம் கேட்க வேண்டியது, ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறார், ஒருவருக்கு எவ்வளவு நேரம் கொடுக்க முடிகிறது என்பதை.